வெங்காயத்தாள் பாத்திக்கு எதற்கு ஜல்லி?

அறுபது வயது முடிந்த மறுநாள் காலையில் நான் ஒரு முடிவெடுத்தேன். நானே எடுத்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. என் மனைவி மிச்சியே வாலிபால் ஆடப் போயிருந்தாள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜப்பானில் எங்கள் குன்மா மாகாணத்தில் பேர்போனவை இரண்டு. ஒன்று, குளிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கி ஆளையே தள்ளும் வறட்டுக் காற்று. இன்னொன்று, வீட்டுக்காரிகள். காற்றாவது மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடும். அதிலும் நான் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனாருக்கு ஆண் பிள்ளை இல்லாததால், கல்யாணத்தன்றே ஹொசொயா என்ற என் குடும்பப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு மொத்தேகி என்ற அவர்கள் பெயரை மாட்டிக்கொண்டேன். வீடு அவள் பேரில். நிலம் அவள் பேரில். வாசல் பலகையில் என் பேர் இருக்கிறது. அதுவும் அவள் பேர்தான்.

முடிவு என்னவென்றால், நான் ஒரு லியோனே வாங்கப் போகிறேன்.

எங்கள் ஓட்டா நகரம் சுபரு கார் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊர். அங்கே முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். எஞ்சினின் பலத்தைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டை மாட்டுவது என் வேலை. எழுபத்திரண்டாம் வருஷம் நான்கு சக்கரமும் இழுக்கும் முதல் லியோனே வண்டிகள் வெளியே வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. அந்தத் தண்டுகளில் பல இந்தக் கை மாட்டியவை. முப்பத்தைந்து வருஷம் கழித்து அதில் ஒன்று நுமாட்டா மலைப்பக்கம் ஒரு கொட்டகையில் இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்குமா?

ஒரு டப்பா இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். வெறுங்கையோடு ஒருவர் வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கத்தில் இல்லை. வண்டிக்காரர் பெயர் கோபுச்சி. மின்கம்பம் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. கொட்டகைக் கதவைத் திறந்தார். உள்ளே லியோனே நின்றது. பாசி நிறம், வட்ட விளக்குகள். நான் குனிந்து அடியில் பார்த்தேன். தண்டு அப்படியே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

“பனியில கம்பி அறுந்தா எங்களை இதுலதான் மலை மேல அனுப்புவாங்க,” என்றார் கோபுச்சி. “அதுக்கு முன்னாடி திறந்த ஜீப்பு. மேல போய்ச் சேர்றதுக்குள்ள விரல் மரத்துப்போயிடும். இது வந்தப்புறம் சூடா உக்காந்துக்கிட்டுப் போனோம். இதை நான் கண்டவங்களுக்குக் குடுக்க மாட்டேன்.”

“நான் இதோட தண்டை மாட்டினவன், ஐயா.”

“அப்போ நீங்க சொந்தக்காரர் மாதிரி. ஆனா மாசக் கடைசிக்குக் கொட்டகையை இடிக்கறாங்க. யார் முதல்ல போலீஸ்கிட்ட இடச் சான்று வாங்கிட்டு வர்றாங்களோ அவங்களுக்கு வண்டி.”

“கொண்டாரேன். ஒரே ஒரு வேண்டுகோள். என் சம்சாரத்துக்கு இது தெரியக் கூடாது. வீட்டுக்குப் போன் பண்ணி ‘வண்டி’ங்கற வார்த்தையை எடுத்துடாதீங்க.”

“மூச்சு விட மாட்டேன்,” என்றார் அவர். நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்.

இடச் சான்று சமாசாரம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் நாட்டில் வண்டி வாங்க வண்டி மட்டும் இருந்தால் போதாது. அது நிற்க இடம் இருக்கிறது என்று போலீஸ் எழுதித் தரவேண்டும். படம் வரைந்து, நீள அகலம் குறித்து மனு கொடுத்தால், டேப்பும் கையுமாக ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஒரு இடத்துக்கு ஒரு வண்டிதான். நிலம் வேறொருவர் பேரில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதமும், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் அவர் பெயர் முத்திரையும் வேண்டும். அந்த வேறொருவர் தினமும் எனக்கு எதிரே உட்கார்ந்து மிசோ சூப் குடிக்கிறாள் என்பதுதான் என் பிரச்சினை.

எங்கள் வீட்டில் இரண்டு வண்டிக்கு இடம் உண்டு. ஒன்றில் எங்கள் லெகசி நிற்கிறது. அதை நான்தான் ஓட்டுவேன். இன்னொன்றில் என் பொக்கிஷம் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பத்தொன்பது டயர், மூன்று பம்பர், ஒரு கியர்பாக்ஸ், எந்த வண்டியினுடையது என்று எனக்கே மறந்துபோன ஒரு பின் சீட். அதை எடுத்துப் போடச் சொல்லி மிச்சியே பத்து வருஷமாகக் கேட்டாள். அந்த இடத்தில் தனக்கென்று ஒரு வண்டி வேண்டுமென்று ஐந்து வருஷம் முன்பு ஒரு தடவை கேட்டாள். ‘ஒரு குடும்பத்துக்கு நாலு சக்கரம் போதும்’ என்ற தலைப்பில் நான் நாற்பது நிமிஷம் பேசினேன். அப்புறம் அவள் கேட்கவேயில்லை. என் பேச்சுத்திறமை என்று நினைத்திருந்தேன்.

நுமாட்டாவிலிருந்து திரும்பிய இரண்டு நாள் கழித்து, முதலில் நாடி பிடித்துப் பார்க்கலாமென்று, சாப்பிடும்போது பழைய கதையை ஆரம்பித்தேன்.

“நம்ம தொழிற்சாலை முதல்ல ஆகாய விமானம் செஞ்ச இடம், தெரியுமில்ல?”

“தெரியும். சண்டை முடிஞ்சதும் கம்பெனியைத் துண்டு துண்டா உடைச்சாங்க. விமானத்தோட வால் சக்கரம் மிச்சம் கிடந்துச்சு, அதை வெச்சு ஸ்கூட்டர் செஞ்சாங்க. ஊறுகாயை இப்படித் தள்ளுங்க.”

“அப்புறம் அந்தத் துண்டுகள்ல அஞ்சு ஒண்ணு சேர்ந்து...”

“ஒரு பெரிய கம்பெனி ஆச்சு. அதான் கார்த்திகைக் கூட்டம். ஒரு பெரிய நட்சத்திரம், அஞ்சு சின்ன நட்சத்திரம். அதுக்குத்தான் சுபருன்னு பேரு. அப்புறம் பொன்வண்டு மாதிரி ஒரு குட்டிக் கார். அதுக்குள்ள நாலு பெரியவங்க உக்காந்தாங்க. எப்படி உக்காந்தாங்கன்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியலை.”

இவ்வளவும் எப்போது இவள் காதில் விழுந்தது?

“எஞ்சின் பத்திச் சொல்லவா?” என்றேன்.

“மத்த கம்பெனி எஞ்சின் எல்லாம் நின்னுக்கிட்டு வேலை செய்யும். உங்களோடது மட்டும் படுத்துக்கிட்டே வேலை செய்யும். உங்களைப் பாத்துத்தான் செஞ்சிருப்பாங்க.”

“படுத்திருந்தா பாரம் கீழ இருக்கும். வண்டி ஆடாது!”

“அதான் நீங்களும் ஆடறதில்லை, அசையறதில்லை.” சூப்பைக் குடித்துக் கீழே வைத்தாள். “ஆமா, எனக்கு ஒரு சந்தேகம். நம்ம ஊர்ல பனியே பெய்யறதில்லை. வெறும் காத்து. முப்பது வருஷமா நாலு சக்கரமும் இழுக்கற வண்டி வெச்சிருக்கீங்க. ஒரு தரமாவது என்னைப் பனியில கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?”

“பனி ரோட்டுல உப்புப் போடுவாங்க. வண்டிக்கு அடியில துரு பிடிக்கும்.”

“அதான். பனி பெய்யுதுன்னு டிவியில சொன்னா வண்டிக்குப் போர்வை போத்தற ஆள் நீங்க. எனக்குக்கூடப் போத்தினதில்லை.”

நாடி சரியில்லை என்று எழுந்துவிட்டேன். நேர்வழி உதவாது. அதனால் திட்டம் தீட்டினேன்.

மறுநாள் காலை அவள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் மெதுவாகப் போய் நின்றேன்.

“மிச்சியே, இத்தனை வருஷம் உன்னை ரொம்பச் சிரமப்படுத்திட்டேன். அந்தச் சாமானையெல்லாம் எடுத்துப் போட்டுட்டு உனக்கு அங்க வெங்காயத்தாள் பாத்தி போட்டுத் தரப்போறேன்.”

அவள் கையிலிருந்த துண்டை இரண்டு தடவை உதறினாள்.

“எனக்கா?”

“உனக்குத்தான்.”

“வெங்காயத்தாளா?”

“நம்ம ஊர்த் தடி வெங்காயத்தாள். குளிருக்குச் சூப்புல போட்டா...”

“சரிங்க,” என்றாள்.

அவ்வளவுதான். சரி. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். நான் சொன்ன ஒரு விஷயத்துக்கு அவள் முதல் வாயில் சரி சொன்னது அதுவே முதல் தடவை. அவளுக்கு ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். தைரியம் வரவில்லை.

எட்டு நாள் வேலை செய்தேன். பக்கத்து வீட்டு நெகிஷி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். அவரும் எங்கள் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்தான்.

“என்ன மொத்தேகி-சான், எல்லாத்தையும் எடைக்குப் போடறீங்க? டாக்டர் ஏதாவது சொன்னாரா?”

“வீட்டுக்காரிக்குப் பாத்தி போடறேன்.”

அவர் வேலி மேல் இன்னும் கொஞ்சம் எக்கி என் முகத்தைப் பார்த்தார். “எதுக்கும் இன்னொரு டாக்டரைப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கியர்பாக்ஸைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மிச்சியே பச்சிலைப் பட்டி ஒட்டிவிட்டாள். ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

“பாத்தி எவ்வளவு நீளம் போடறீங்க?”

“நாலு மீட்டர் இருந்தா...”

“அஞ்சா வெச்சிடுங்க. அகலம் ரெண்டரை. கதவு திறக்க... இல்ல, நான் உள்ள நடந்து போய்ப் பறிக்க இடம் வேணும்ல?”

அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. போலீஸ் மனுவுக்கும் அந்த அளவு சரியாக இருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுவது எனக்கு வழக்கமில்லை. அதனால் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

மண்ணைச் சமன் செய்து முடித்ததும் ஒரு லாரி ஜல்லி வந்து இறங்கியது. மிச்சியே வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

“வெங்காயத்தாள் பாத்திக்கு எதுக்குங்க ஜல்லி?”

இதற்கு நான் பதில் தயாரித்து வைத்திருந்தேன். “தண்ணி வடியறதுக்கு. வேர் அழுகாது. இப்ப வந்திருக்கற புது முறை.”

“ஓஹோ.” காலால் ஜல்லியை ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். “நல்லா அழுத்தி விடுங்க. வெங்காயத்தாள் கனமா இருக்கும்.”

அன்று முழுக்க உருளைக்கல் இழுத்தேன். இழுக்க இழுக்க யோசித்தேன். வெங்காயத்தாள் எப்படிக் கனமாக இருக்கும்? எத்தனை கிலோ? பிடி கிடைக்கவில்லை.

ஜல்லி போட்ட மூன்றாம் நாள் காலை, தொப்பி போட்ட ஒரு பெரியவர் கேட்டருகே வந்து நின்றார். கையில் டேப்பு, கக்கத்தில் அட்டை.

“மொத்தேகி-சான் வீடுதானே? வண்டி இடம் அளக்க வந்திருக்கேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் இன்னும் மனுவே கொடுக்கவில்லை! மனு லெகசியின் மிதியடிக்கு அடியில் மடித்து வைத்தபடி கிடந்தது. கொடுக்காத மனுவுக்கு ஆள் எப்படி வந்தார்? நம் போலீஸ் இவ்வளவு வேகமா? மனசில் நினைத்ததுமே கிளம்பிவிடுகிறார்களா? ஒருவேளை ஓய்வு பெற்ற தொழிலாளிகளுக்கு ஏதாவது சலுகையோ என்னவோ. வந்த லட்சுமியைக் கேள்வி கேட்டு விரட்டுவானேன் என்று அவரை உள்ளே இழுத்தேன். டேப்பின் மறுமுனையை நானே பிடித்தேன். குனிந்து பிடித்தேன், இடுப்பு வலியோடு.

நேரம் பார்த்து மிச்சியே தேநீர்த் தட்டோடு வந்தாள்.

“இவர் யாருங்க?”

“விவசாயிகள் சங்கத்துலேர்ந்து,” என்றேன். “மண் பரிசோதனை.”

பெரியவர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

“மண்ணு எப்படிங்க இருக்கு?” என்று மிச்சியே அவரையே கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஜல்லியைப் பார்த்தார். “கெட்டியா இருக்கும்மா.”

“எவ்வளவு தூரத்துக்குக் கெட்டி?”

“அஞ்சு மீட்டருக்கு ரெண்டரை.”

“போதுமா?”

“தாராளம்.”

மிசோ விழுது தடவிச் சுட்ட மாவு உருண்டை இரண்டு கொடுத்தாள். மனுஷர் நின்றபடியே தின்றார். போகும்போது என்னிடம் அல்ல, அவளிடம் குனிந்து வணங்கிச் சொன்னார்.

“அம்மா, பேப்பர் திங்கக்கிழமை தயாரா இருக்கும்.”

“ரொம்ப நன்றிங்க,” என்று அவளும் குனிந்தாள்.

அதை ஏன் அவளிடம் சொன்னார் என்று முதலில் திகைத்தேன். அப்புறம் புரிந்தது. அல்லது புரிந்ததாக நினைத்தேன். பெரியவர் கெட்டிக்காரர். என் பொய்யைக் காப்பாற்றுவதற்காக, மண் பரிசோதனைப் பேப்பர் என்று நினைக்கும்படி அவளிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அரசாங்க ஆட்களில் இப்படியும் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று மனம் நெகிழ்ந்தேன்.

மிச்சமிருந்தது சம்மதக் கடிதம். இதற்கு நான் போட்ட திட்டத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமைதான். எங்கள் தெருவில் சுற்றறிக்கை அட்டை ஒன்று வீடு வீடாகப் போகும். குப்பை எடுக்கும் கிழமை, தெருக்குழாய் மராமத்து, காணாமல்போன பூனை எல்லாம் அதில் வரும். படித்ததற்கு அடையாளமாக முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்கு அனுப்பவேண்டும். யாரும் படிப்பதில்லை. எல்லாரும் குத்துவார்கள். அந்த அட்டையில் இரண்டாவது தாளாக என் சம்மதக் கடிதத்தைச் செருகினேன். மிச்சியே கணப்பு மேசைக்குள் காலை நீட்டி டிவியில் சூமோ மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சுற்றறிக்கை வந்திருக்கு. முத்திரை போட்டுடு.”

“அங்க வெச்சிட்டு எனக்கு ஒரு ஆரஞ்சு எடுத்துட்டு வாங்க.”

சமையலறைக்குப் போய் ஆரஞ்சோடு திரும்பினேன். முத்திரை குத்தியாகிவிட்டது. இரண்டு தாளிலும். சிவப்பாக, வட்டமாக.

“படிச்சுப் பாக்கலையா?” என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

“இதையெல்லாம் யாருங்க படிப்பாங்க?” டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் தெருவில் இறங்கிப் போனபோது வறட்டுக் காற்று எதிரே வந்தது. அன்று அது என்னைத் தள்ளவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் ஜெயித்திருக்கிறேன் என்று தோன்றியது. ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது. எவ்வளவு வெகுளி இவள்! லியோனே வந்ததும் வாரம் ஒருமுறை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்தேன். மழையில்லாத வாரமாகப் பார்த்து.

போலீஸ் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு இளம் அதிகாரி இருந்தாள். என் மனுவைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“ஐயா, இந்த இடத்துக்கு ஏற்கெனவே சான்று குடுத்தாச்சே.”

“குடுத்தாச்சா? எனக்கு வரலையே. அளக்க ஆள் வந்தார். நான்தான் டேப்பு பிடிச்சேன்.”

“திங்கக்கிழமை வாங்கிட்டுப் போயிருக்காங்க. சுபரு லியோனே.”

“அதேதான்! அது என் வண்டிதான்!”

“மொத்தேகி மிச்சியே. நீங்களா அது?”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி கொஞ்சம் தள்ளியிருந்தது. நல்லவேளை, சுவர் பிடித்துக்கொண்டது.

“அவ எப்படி... நிலத்துக்கு...”

“நிலம் அவங்க பேர்ல இருக்கு. யார் சம்மதமும் தேவையில்லை.”

“எனக்கு அவ சம்மதம் குடுத்திருக்கா, பாருங்க. முத்திரை இருக்கு!” கடைசித் துரும்பைப் பிடித்தேன்.

அவள் கடிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். “முத்திரை சரியா இருக்குங்க. கீழ சின்னதா ஒரு வரியும் எழுதியிருக்காங்க. நீங்க படிக்கலையா?”

“இதையெல்லாம் யாரும்மா படிப்பாங்க?”

“‘ஒரு சைக்கிள் வரை அனுமதி.’”

வெளியே வந்து நுமாட்டாவுக்குப் போன் போட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகப் போயிற்று.

“கோபுச்சி-சான்! மூச்சு விட மாட்டேன்னீங்களே!”

“வண்டியைப் பத்தி நானா ஒரு வார்த்தை சொல்லலையே,” என்றார் அவர், மனம் புண்பட்ட குரலில். “நீங்க வந்துட்டுப் போன மறுநாள் உங்க வீட்டுக்குப் போன் பண்ணினேன். இனிப்பு குடுத்தவங்களுக்கு நன்றி சொல்லாம இருந்தா நான் மனுஷனா? டப்பா மேல மொத்தேகின்னு பேர் இருந்துச்சு, டெலிபோன் புத்தகத்துல நம்பர் இருந்துச்சு. எங்க வீட்லயும் சரி, எவங்க வீட்லயும் சரி, இனிப்பு வாங்கறது வீட்டுக்காரிதானே. அதனால உங்க வீட்டம்மாவுக்கு நன்றி சொன்னேன்.”

“அவ என்ன சொன்னா?”

“இனிப்பு பிடிச்சுதான்னு கேட்டாங்க. எங்க ஊர்ல குளிரான்னு கேட்டாங்க. என்ன வேலை பாத்தீங்கன்னு கேட்டாங்க. மின்கம்பம்னேன். அப்போ லியோனே வெச்சிருப்பீங்களேன்னாங்க. அவ்வளவு விவரமா நாலு சக்கரத்தைப் பத்திப் பேசின பொம்பளையை நான் பாத்ததே இல்லை. செண்டாய் பக்கத்துல முதல் வண்டிக்கு வேற கம்பெனியோட பின் அச்சைக் கடன் வாங்கி மாட்டினது வரைக்கும் சொன்னாங்க!”

அதை நான்தான் அவளுக்குச் சொன்னேன். பத்தொன்பது தடவையாவது சொல்லியிருப்பேன்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லாதீங்கன்னு நீங்க சொன்னீங்க. சொல்லாதீங்கன்னு அவங்களும் சொன்னாங்க. நான் ரெண்டு பேர் வாக்கையும் காப்பாத்தினேன். இன்னிக்குக் காலையிலதான் வந்து வண்டியை எடுத்துட்டுப் போனாங்க. பிரமாதமா ஓட்டறாங்க.”

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. என் ஜல்லி மேல் லியோனே நின்றது. அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியிருந்தது. கதவு திறக்க இரண்டு பக்கமும் இடம். உள்ளே அவளுடைய வாலிபால் குழுவைச் சேர்ந்த மூன்று பெண்கள் மடியில் துண்டும் பையுமாக உட்கார்ந்திருந்தார்கள். நெகிஷியின் மனைவியும் அதில் ஒருத்தி. மிச்சியே முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதோடு வண்டி நின்ற அழகைப் பார்த்து வயிற்றுக்குள் குளுகுளுவென்று ஒரு சந்தோஷமும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் நின்றேன்.

“எல்லாம் தெரிஞ்சுமா என்னை ஜல்லி போட விட்டே?”

“நான் வண்டி கேட்டப்போ நாப்பது நிமிஷம் பேசினீங்க,” என்றாள் துடைத்தபடியே. “கேக்காம இருந்தேன். எட்டு நாள்ல இடம் தயாராயிடுச்சு.”

“ஆனா உனக்கு எதுக்கு லியோனே? உனக்குத்தான் இந்தக் கதையெல்லாம் பிடிக்காதே!”

அவள் துணியை மடித்தாள். அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள்.

“யார் பிடிக்காதுன்னா? முப்பத்திரண்டு வருஷமாக் கேட்டிருக்கேன். பனியில மலையேறும், வழுக்காது, மின்கம்பக்காரங்களைச் சூடா கொண்டுபோய்ச் சேர்க்கும்னு நீங்க சொல்லும்போதெல்லாம் ஒரு தரமாவது அப்படிப் போகணும்னு ஆசையா இருக்கும். நீங்க போர்வையை எடுத்துட்டு ஓடுவீங்க. குசாட்சு மலைப்பக்கம் இன்னிக்குக் காலையிலேர்ந்து பனி கொட்டுதாம். வெந்நீர் ஊத்துக்குப் போறோம். நீங்க சொன்னது நிஜமான்னு நானே ஏத்திப் பாக்கறேன்.”

அத்தனை வருஷம் சுவருக்குப் பேசுவதாக நினைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன். சுவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறது. அது எனக்குப் பெருமையா அவமானமா என்று அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை.

“நானும் வரட்டா?”

“பொம்பளைங்க குளிக்கற இடத்துக்கா?” என்று பின் சீட்டிலிருந்து நெகிஷியின் மனைவி கேட்டாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

“சரி, சாவியையாவது குடு. தெருவை ஒரே ஒரு சுத்து சுத்திட்டுக் குடுத்துடறேன். அதோட தண்டு நான் மாட்டினது, மிச்சியே!”

“முடியாதுங்களே. இன்ஷூரன்ஸ்ல ஓட்டறவங்கன்னு என் ஒருத்தி பேரைத்தான் போட்டிருக்கேன். நீங்க தொட்டு ஏதாவது ஆச்சுன்னா ஒண்ணும் செல்லாது.”

“அப்போ இந்த வண்டிக்கு நான் எதுவுமே செய்யக் கூடாதா?” என் குரல் எனக்கே பரிதாபமாகக் கேட்டது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். படுத்தபடி வேலை செய்யும் அந்த எஞ்சின் முதல் திருப்பிலேயே கிளம்பிற்று. கண்ணாடியை இறக்கினாள்.

“யார் அப்படிச் சொன்னா? ஞாயித்துக்கிழமை அடியெல்லாம் ரோட்டு உப்போட வந்து நிக்கும். கழுவறதுக்கு இன்ஷூரன்ஸ் தேவையில்லைங்க.”